பொங்காத மாவு

குன்னூருக்கு நாங்கள் குடிபோனது 1997 நவம்பரில். பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்தவளுக்குக் குளிர் என்றால் மார்கழி விடியலில் போர்வையை இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொள்வது, அவ்வளவுதான். கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊரில் சமையல்கட்டுக்குள் நின்றாலும் மூச்சு புகையாக வரும் என்பது எனக்குத் தெரியாது. முதல் சனிக்கிழமை சாயங்காலம், அம்மா சொல்லிக்கொடுத்தபடியே நாலு பங்கு இட்லி அரிசி, ஒரு பங்கு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம் ஊறவைத்து ஆட்டி, கையாலேயே கலக்கி மூடிவைத்தேன். ஞாயிறு காலை ஆறு மணிக்குத் திறந்தால் எந்த மட்டத்தில் வைத்தேனோ அதே மட்டத்தில் கிடந்தது. மேலே ஒரு குமிழிகூட இல்லை. ஆராதனைக்கு நேரமாகிவிட்டதே என்று அப்படியே ஊற்றி அவித்தேன். தட்டையாகவும் கெட்டியாகவும் வந்த அந்த இட்லிகளில் நாலை என் கணவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்.

எங்கள் வீட்டில் மாவுக்கு ஒரு நேரம் உண்டு. சனிக்கிழமை மத்தியானம் ஊறப்போடுவது, ஐந்து மணிக்கு ஆட்டுவது, ஞாயிறு விடியலில் அவிப்பது, எட்டு மணிக்குக் கோவில். என் சின்ன வயதில் ஆட்டுக்கல், அப்புறம் கிரைண்டர் வந்தது. ஆட்டுக்கல் காலத்தில் அம்மா ஒரு கையால் குழவியைச் சுற்றி மறு கையால் மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டே ஞாயிற்றுக்கிழமை பாட வேண்டிய கீர்த்தனைகளை மெல்லப் பாடுவாள். உளுந்து பதம் வந்ததா என்று பார்க்க ஒரு கிண்ணம் தண்ணீரில் துளி மாவைப் போடுவாள். மிதந்தால் போதும். பெரிய போணியில் பாதிக்கு மேல் நிரப்ப விடமாட்டாள். "பொங்குறதுக்கு எடம் வேணும்லா" என்பாள்.

எனக்கு அது பொங்குவதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. ராத்திரியில் எழுந்துபோய் மூடியைத் தூக்கிப் பார்ப்பேன். எத்தனை தடவை பார்த்தாலும் அது பொங்கிக்கொண்டிருப்பது தெரியாது. காலையில் பொங்கியிருப்பதுதான் தெரியும். ஒருநாள் அம்மா விழித்துக்கொண்டு படுக்கையிலிருந்தே சத்தம் போட்டாள். "ஏட்டி, சும்மா சும்மா திறக்காத. அது பாட்டுக்குப் பொங்கும்."

பரலோகராஜ்யம் புளித்த மாவைப் போன்றது, ஒரு பெண் அதை மூன்றுபடி மாவில் அடக்கிவைக்க மாவு முழுவதும் புளித்தது என்று இயேசு சொன்ன உவமையை ஓய்வுநாள் பள்ளியில் சொல்லிக்கொடுத்தபோது, அந்த ராஜ்யம் எப்படியிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அது அம்மாவின் போணி. ரொட்டி எப்படிச் சுடுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. வேதாகமத்தில் வரும் அப்பம் என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் தேங்காய்ப்பால் ஊற்றிச் சாப்பிடும் எங்கள் ஊர் ஆப்பம். "மூன்றுபடி மாவு" என்று வசனத்தில் வருவதையும் எங்கள் வீட்டுப் படியால்தான் அளந்துகொண்டேன். மூன்று படி மாவு பெரிய குடும்பத்துக்குச் சரியாக இருக்கும் என்று நினைத்தேன்.

பல வருஷம் கழித்துத்தான் அந்த அளவு பற்றித் தெரிந்தது. கிரேக்க மூலத்தில் இருப்பது சாட்டா என்ற யூத அளவு. ஒரு சாட்டா ஏறத்தாழ 13 லிட்டர். மூன்று என்றால் 40 லிட்டருக்குப் பக்கம் வருகிறது. நூறு பேருக்கு மேல் வயிறார அப்பம் சுடலாம். ஆதியாகமம் 18-இல் மம்ரேயின் கருவாலி மரங்களுக்குக் கீழே மூன்று பேர் வந்து நின்றபோது, ஆபிரகாம் கூடாரத்துக்குள் ஓடிச் சாராளிடம் பிசையச் சொன்னதும் இதே மூன்று படிதான். சமையல்கட்டில் நிற்கிற யாருக்கும் இது ஒரு வீட்டுக்கான மாவு இல்லை என்று உடனே புரியும். இது கலியாண வீட்டு அளவு. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் சொன்னால், அசனத்துக்கு, அதாவது சபையார் எல்லாருக்கும் போடுகிற கோவில் விருந்துக்கு, ஆக்குகிற அளவு. அவ்வளவு மாவையும் ஒரே ஒரு பெண் தன் கையால் பிசைந்து வைத்துவிட்டுக் காத்திருக்கிறாள்.

இந்த உவமையைப் பிரசங்கங்களில் கேட்கும்போதெல்லாம் வளர்ச்சியைப் பற்றியே பேசுவார்கள். சபை பெருகும், ஊழியம் பெருகும், ஆசீர்வாதம் பெருகும். எனக்கு அது போதவில்லை. வேதாகமத்தில் புளிப்புக்கு நல்ல பெயரே கிடையாது. லேவியராகமத்தில் போஜனபலியைப் புளித்த மாவினால் செய்யக்கூடாது என்றிருக்கிறது. பரிசேயரின் புளித்த மாவைக் குறித்து எச்சரிக்கையாயிருங்கள் என்று இயேசுவே சொல்கிறார். கொஞ்சம் புளித்த மா பிசைந்த மா முழுவதையும் புளிப்பாக்கும் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதுவது பாராட்டு இல்லை, கண்டிப்பு. இப்படி விலக்கி வைத்த ஒரு பொருளை எடுத்துத்தான் இயேசு பரலோகராஜ்யம் இதுபோல இருக்கிறது என்கிறார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் திகைத்திருப்பார்கள். அந்தத் திகைப்பு நம்மிடம் இல்லாமல் போனதில் எனக்கு வருத்தம் உண்டு.

வசனத்தில் இன்னொரு சொல் இருக்கிறது. அந்தப் பெண் மாவிலே அதை "அடக்கிவைத்தாள்". கிரேக்கத்தில் ஒளித்து வைத்தாள் என்ற பொருளில் வருகிறது. ஆனால் நம் பழைய மொழிபெயர்ப்பில் அடக்கம் என்ற சொல் வந்து விழுந்துவிட்டது. தமிழ்க் கிறிஸ்தவக் காதுக்கு அடக்கம் என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. அடக்க ஆராதனை, கல்லறைத் தோட்டம், மண் தள்ளும் சத்தம். கிறிஸ்து "அடக்கம்பண்ணப்பட்டு" என்று கொரிந்தியர் நிருபத்தில் படிக்கிற அதே சொல். 1998-க்கு முன்னால் இது எனக்குப் பட்டதே இல்லை.

குன்னூரில் எங்கள் பக்கத்து வீட்டில் கோட்டயம் பக்கத்திலிருந்து வந்து முப்பது வருஷமாக அங்கேயே இருந்த ஒரு மலையாளக் குடும்பம். சிரியன் கிறிஸ்தவர்கள். வீட்டின் பெரியவரைத் தெருவே அம்மச்சி என்று கூப்பிடும். என் தட்டை இட்லியைப் பார்த்த மறுவாரமே அம்மச்சி வேலி ஓரம் நின்று கையை நீட்டினார்கள். "மோளே, பாத்திரத்த இங்க தா. என்ட அடுப்புப் பக்கத்துல இருக்கட்டும்."

அவர்கள் வீட்டில் அப்போதும் விறகடுப்பு இருந்தது. ராத்திரி அடுப்பை அணைத்த பிறகும் அந்த மேடை விடியும்வரை இளஞ்சூடாகவே இருக்கும். அங்கே ஒரு சாக்கை மடித்துப் போட்டு, என் பாத்திரத்தை வைத்து, பழைய கம்பளி ஒன்றால் சுற்றுவார்கள். ஞாயிறு காலை அதை வாங்கப் போனால் மூடியைத் தள்ளிக்கொண்டு மாவு நிற்கும். "உப்ப இப்பப் போடாத, காலைல போடு" என்றும் சொல்லிக்கொடுத்தார்கள். உப்பு புளிப்பை மெதுவாக்கும், குளிர் ஊரில் அது ஒரு பாரம்.

ரொட்டி மாவுக்கும் நம் இட்லி மாவுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு இன்றும் ஆச்சரியம். உவமையில் வரும் பெண் வெளியிலிருந்து புளித்த மாவை எடுத்துப் போடுகிறாள். நாம் எதையும் போடுவதில்லை. உளுந்தோடும் அரிசியோடும் ஒட்டிக்கொண்டே லியூக்கோனோஸ்டாக் போன்ற நுண்ணுயிர்கள் வந்துவிடுகின்றன. ஊறும்போதே அவை விழித்துக்கொண்டு, மாவில் கரியமில வாயுவை உண்டாக்குகின்றன. உளுந்தின் வழவழப்பு அந்தக் காற்றை வெளியே விடாமல் பிடித்துக்கொள்கிறது. மாவு பொங்குவதற்கான எல்லாமே பாத்திரத்துக்குள் ஏற்கெனவே இருக்கிறது. என் குன்னூர் மாவிலும் எல்லாம் இருந்தன. அம்மா தந்த அளவு, நல்ல உளுந்து, பதமாக ஆட்டியது. சூடு மட்டும் இல்லை. அந்தச் சூடு என் வீட்டில் கிடைக்கவில்லை, அடுத்த வீட்டில் இருந்தது.

ஜனவரி கடைசியில் எங்கள் முதல் பிள்ளை கருவிலேயே போய்விட்டது. ஐந்தாம் மாதம்.

அதைப் பற்றி இங்கே அதிகம் எழுத முடியாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் நடந்ததைத்தான் சொல்கிறேன். ஆறுதல் சொல்ல வந்தவர்கள் நல்லவர்கள்தான். "வயசு இருக்கு, அடுத்தது நல்லபடியாப் பொறக்கும்" என்றார்கள். "ஆரம்பத்துலயே போனது நல்லதுதான்" என்றார் ஒருவர். தேவசித்தம் என்றார் இன்னொருவர். ஜெபிக்க வந்த ஒருவர் என் விசுவாசத்தில் எங்கே குறை இருந்ததென்று யோசித்துப் பார்க்கச் சொன்னார். யாருமே செத்துப்போனது என்ற சொல்லைச் சொல்லவில்லை. பெயர் வைக்கவில்லை, ஞானஸ்நானம் கொடுக்கவில்லை, ஆகவே அடக்க ஆராதனையும் இல்லை. ஞாபகம் வைக்க ஒரு கல் கிடையாது. நாங்கள் இரண்டு பேரும் துக்கப்பட வேண்டிய முறை எதுவென்று தெரியாமல் இருந்தோம்.

நான் ஜெபிக்கிறதை நிறுத்திவிட்டேன். கோபம்கூட அப்போது இல்லை. வாயைத் திறந்தால் ஒன்றும் வரவில்லை, அவ்வளவுதான். கோவிலுக்குப் போவேன், பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், மற்றவர்கள் பாடுவதைக் கேட்பேன். எனக்குள்ளே எதுவோ எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் கிடந்தது. மாவும் ஆட்டவில்லை. கடையில் ரொட்டி வாங்கிச் சாப்பிட்டோம்.

மூன்றாவது சனிக்கிழமை அம்மச்சி வந்தார்கள். எங்கே பாத்திரம் என்று கேட்டார்கள். ஆட்டவில்லை என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. நேராகச் சமையல்கட்டுக்குள் போய் அரிசி டப்பாவையும் உளுந்து டப்பாவையும் அவர்களாகவே தேடி எடுத்து ஊறப்போட்டுவிட்டுப் போனார்கள். சாயங்காலம் வந்து என்னை ஆட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். ஜெபம் பண்ணலாமா என்று அவர்கள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இப்படியே, உயிர்த்தெழுந்த ஞாயிறுக்கு முந்தின நோன்பு நாட்களான லெந்து காலம் முழுவதும்.

விசுவாசத்தைத் தனிமனிதச் சாதனை போலப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லாமல் போனது அந்த நாட்களில்தான். என்னுடையது அந்த வருஷம் என் வீட்டில் பொங்கவில்லை. இன்னொருத்தியின் அடுப்பு மேடையில், இன்னொருத்தியின் கம்பளிக்குள் கிடந்தது. சபை என்ற சொல்லை இப்போது எங்கே படித்தாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தச் சாம்பல் படிந்த மேடைதான். கோவில் கட்டடம் அப்புறம்தான்.

இதோடு நிறுத்தினால் கதை அழகாக முடியும். ஆனால் நடந்தது இதோடு முடியவில்லை. அந்த வாரங்களில் மாவு பொங்கியது, நான் பொங்கவில்லை. உயிர்த்தெழுந்த ஞாயிறு நெருங்க நெருங்க எனக்குப் பயமாக இருந்தது. எல்லாரும் அல்லேலூயா பாடுகிற இடத்தில் எப்படிப் போய் நிற்பது?

பெரிய வெள்ளிக்கு முந்தின நாள், பெரிய வியாழன் ராத்திரி எட்டு மணி இருக்கும். கதவைத் தட்டினார்கள். அம்மச்சி வெள்ளைச் சட்டையும் முண்டும் உடுத்தி, காதில் குணுக்கோடு, கோவிலுக்குப் போகிற கோலத்தில் நின்றார்கள். கையில் ஒரு தட்டு, வாழையிலையால் மூடியிருந்தது. பக்கத்தில் மகன் ஒரு தூக்குச்சட்டியோடு. இலையை எடுத்தால் வட்டமாக, வெள்ளையாக, கனமாக ஓர் அப்பம். மேலே குருத்தோலையில் ஒரு சிலுவை. குருத்தோலை ஞாயிறன்று கோவிலில் கொடுத்த ஓலையில் செய்தது.

பெசஹா அப்பம் என்றார்கள். நம் வேதாகமத்தில் பஸ்கா என்கிறோமே, இஸ்ரவேலர் எகிப்திலிருந்து விடுதலையானதை நினைக்கும் பண்டிகை, அது. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவ வீடுகளில் பெரிய வியாழன் ராத்திரி செய்கிறார்கள். வீட்டுத் தலைவர் அதை வெட்டி, தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்துக் காய்ச்சிய பெசஹா பாலில் தோய்த்து, மூத்தவரிலிருந்து இளையவர்வரை வரிசையாகக் கொடுப்பார். எதில் செய்வது என்று கேட்டேன். அரிசி, உளுந்து, கொஞ்சம் தேங்காய், சீரகம், உள்ளி என்றார்கள். நான் நம்ப முடியாமல் பார்த்தேன். இட்லிக்குப் போடுகிற அதே அரிசி, அதே உளுந்து. ஆனால் புளிக்க விடக்கூடாது. ஆட்டிய உடனே ஊற்றி அவித்துவிட வேண்டும்.

வாங்கிக்கொள்ளத் தயங்கினேன். இது உங்கள் வீட்டு வழக்கம், நாங்கள் வேறு சபை, எங்களுக்கு எதற்கு என்பதுபோல ஏதோ சொன்னேன். அம்மச்சி என் கையில் தட்டை வைத்துவிட்டுச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஒரு வீட்டுல மரணம் நடந்தா, அந்த வருஷம் அந்த வீட்டுல பெசஹா உண்டாக்க மாட்டோம். அக்கம்பக்கத்துல இருக்கிறவங்கதான் கொண்டுவரணும். இந்த வருஷம் உங்க வீட்டுல மரணம் நடந்திருக்கு, மோளே."

மூன்று மாதத்தில் முதல் தடவையாக ஒருவர் மரணம் என்று சொன்னார்.

அவர்கள் போனபிறகு நானும் என் கணவரும் சமையல்கட்டுத் தரையிலேயே உட்கார்ந்தோம். வெட்டத் தெரியாமல் வெட்டி, பாலில் தோய்த்துச் சாப்பிட்டோம். அப்போதுதான் அவர் அழுதார். அதுவரை அவர் அழுது நான் பார்த்ததில்லை. எங்கள் பிள்ளைக்கு நடந்த அடக்க ஆராதனை அதுதான் என்று நான் நம்புகிறேன்.

பிறகு வெகுநாள் யாத்திராகமம் 12-ஐத் திரும்பத் திரும்பப் படித்தேன். இஸ்ரவேலர் புளிக்காத அப்பம் சுட்டதற்கு அங்கே சொல்லியிருக்கும் காரணம் மிக எளிமையானது. எகிப்திலிருந்து துரத்தப்பட்டார்கள், தாமதிக்க நேரமில்லை, மாவு புளிக்கும்வரை காத்திருக்க முடியவில்லை. பொங்காத மாவைத் தோளில் தூக்கிக்கொண்டு புறப்பட்டார்கள். உபாகமம் 16 அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது: "சிறுமையின் அப்பம்". அந்தப் பெயரைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. சிறுமைப்பட்டவர்கள் சாப்பிட்டதை வெட்கப்பட்டு மறைக்காமல், வருஷந்தோறும் ஏழு நாள் அதைத்தான் புசிக்க வேண்டும் என்று கட்டளையாகவே வைத்திருக்கிறார்கள். அதே லேவியராகமத்தில், பஸ்காவுக்கு ஐம்பது நாள் கழித்து வரும் பண்டிகைக்குப் புளித்த மாவில் சுட்ட இரண்டு அப்பங்களைக் கொண்டுவரச் சொல்கிறது. அந்த ஐம்பதாம் நாளைத்தான் நாம் பெந்தெகொஸ்தே என்கிறோம். புளிக்காததற்கு ஒரு நாள், புளித்ததற்கு ஒரு நாள், இரண்டுமே அவர் சந்நிதியில்.

எனக்கு இதை யாரும் சொல்லித்தந்திருக்கவில்லை. நான் வளர்ந்த சூழலில் விசுவாசம் என்றால் பொங்கிக்கொண்டே இருக்க வேண்டும். பொங்காவிட்டால் ஏதோ தப்பு, எங்கேயோ பாவம், ஜெபம் போதவில்லை. பொங்காத நாட்களுக்கென்று ஓர் அப்பம் வேதாகமத்திலேயே இருக்கிறது என்பதை ஒரு கிழவி வாழையிலையில் மூடிக்கொண்டு வந்து காட்ட வேண்டியிருந்தது. என் உள்ளே அசையாமல் கிடந்த அந்த மாவு வீணாய்ப்போனதல்ல. அதையும் அவிக்கலாம். அதன்மேலும் சிலுவை வைக்கலாம். அந்த வருஷம் உயிர்த்தெழுந்த ஞாயிறன்று நான் கோவிலில் பாடவில்லை, நின்றேன். அது போதுமானதாக இருந்தது. பாட்டு வாயில் வர இன்னும் ஒரு வருஷத்துக்குமேல் ஆனது. எப்போது வந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கணவருக்கு மாற்றலாகி நாங்கள் கோயம்புத்தூருக்கு வந்தோம். கொஞ்ச வருஷத்தில் அம்மச்சியும் மகன் வீட்டோடு அதே ஊருக்கு வந்துவிட்டார்கள். அதற்குள் எங்களுக்கு மகள் பிறந்து, அம்மச்சி அவளுக்குக் கதை சொல்லி, எல்லாம் நடந்தது. 2012 கடைசியில் அம்மச்சி தூக்கத்திலேயே இறந்துபோனார்கள்.

2013 பெரிய வாரத்தில்தான் எனக்கு உறைத்தது, இந்த வருஷம் அந்த வீட்டில் பெசஹா செய்ய மாட்டார்கள். அவர்கள் ஆட்களெல்லாம் கோட்டயம் பக்கம். இந்தத் தெருவில் யார் கொண்டுபோய்க் கொடுப்பார்கள்?

எனக்குச் செய்யத் தெரியாது. சாப்பிட்ட ஞாபகத்தை வைத்து வியாழன் மத்தியானம் ஊறவைத்து ஆட்ட ஆரம்பித்தேன். அந்த வருஷம் கோயம்புத்தூரில் இருந்தவர்களுக்கு மின்வெட்டு எப்படியிருந்தது என்று தெரியும். உளுந்தை ஆட்டி எடுத்து, அரிசி பாதி அரைபடும்போது கிரைண்டர் நின்றது. மூன்று மணி நேரம் கரண்ட் வரவில்லை. மார்ச் கடைசி வெயில். ஆட்டி வைத்திருந்த மாவில் ஈரத்துணியைப் போட்டு மூடி, விசிறி, தண்ணீர்த் தொட்டிக்குள் பாத்திரத்தை இறக்கி, என்னென்னவோ செய்தேன். துணியை எடுத்துப் பார்த்தபோது ஓரத்தில் குமிழிகள். குன்னூரில் எவ்வளவு காத்திருந்தும் பொங்காத மாவு, பொங்கவே கூடாத அன்று பொங்கத் தொடங்கியிருந்தது. திரும்ப ஊறவைக்க நேரமில்லை. அப்படியே அவித்தேன். எங்கள் கோவிலில் தந்த குருத்தோலையில் சிலுவை முடைந்து மேலே வைத்தேன்.

மகனும் மருமகளும் கதவைத் திறந்தபோது நான் தட்டை நீட்டி, அம்மச்சி பதினைந்து வருஷத்துக்கு முன்னால் என்னிடம் சொன்னதைத் திருப்பிச் சொன்னேன். மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கொண்டுவந்து தர ஆள் இல்லன்னு நினைச்சோம், சேச்சி" என்றாள்.

எல்லாரும் உட்கார்ந்தோம். ஜெபம் முடிந்து மகன் அப்பத்தை வெட்டினார். வெட்டிய பக்கத்தில் சின்னச் சின்னத் துளைகள் தெரிந்தன. கரண்ட் போய்விட்டது, கொஞ்சம் புளித்துவிட்டது என்று சொன்னேன். அவர் அந்தத் துளைகளைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. முதல் துண்டு எப்போதும் அம்மச்சிக்கு. அதைக் கையில் எடுத்தவர் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு பாலில் தோய்த்து என் பக்கம் நீட்டினார்.